திரு. எட்வின் கிறே, தில்லையடி

பதிவுத் தபாலில் வந்த அந்தக் கடிதத்தின் மேல் ‘திரு. எட்வின் கிறே, தில்லையடி, புத்தளம்’ என்று இருந்தது. தபால்காரர் ஒரு நிமிடமும் யோசிக்காமல் அதை நளீரின் போட்டோக்கொப்பிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். நளீரும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான். ஊருக்கே படிவம் நிரப்பிக் கொடுத்துப் பிழைக்கிறவனுக்கு, ஒரு பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டால் என்ன அர்த்தம் என்று தெரியாமலில்லை. ஆனாலும் அன்றைக்கு அவன் சந்தோஷத்தில் இருந்தான். எட்வின் கிறேயின் பேருக்கு வந்த முதலாவது கடிதம் அது.

எட்வின் கிறே ஒரு சித்திரக்கதை நாயகர். ஏதோவொரு துறைமுக நகரத்தில் பகலெல்லாம் தபால் கந்தோரில் கடிதம் பிரிப்பார். எங்காவது அநியாயம் நடந்தால் சிவப்பு முகமூடியை மாட்டிக்கொண்டு, செம்பருந்து என்ற பெயரில் கூரைக்குக் கூரை பாய்வார். அவருடைய கதைகள் இந்தியாவில் தமிழாக்கப்பட்டு மாதாமாதம் வெளிவருகின்றன. நளீர் அவற்றை முதலில் வாசித்தது மன்னாரில், முசலிப் பக்கத்தில். தொண்ணூறாம் ஆண்டு, அவனுடைய பன்னிரண்டாவது வயதில், வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து ஊர் முழுவதும் வெளியேற்றப்பட்டபோது கையில் கொண்டுவரக் கிடைத்தது ஒரு பை உடுப்பு மட்டும். இதழ்கள் அங்கேயே நின்றுவிட்டன. புத்தளத்தில் வளர்ந்து ஆளான பிறகு பழைய கடதாசிக் கடைகளிலும் கொழும்பு நடைபாதைகளிலும் இருபது வருடமாகத் தேடி, முதல் இதழிலிருந்து ஒரு மாதமும் விடுபடாமல் நானூறு இதழ்களைச் சேர்த்துவிட்டான். அலுமாரியில் உடுப்பு வைக்க இடமில்லை என்று அவன் மனைவி நிஃப்லா சொல்லாத நாளில்லை.

முகநூலில் அவன் ‘எட்வின் கிறே, தில்லையடி’ என்ற பெயரில் ஒரு பக்கம் நடத்தினான். சொந்தப் பெயரில் எழுதினால், பிள்ளை பெற்ற பிறகும் படக்கதையா என்று பள்ளிவாசலில் யாராவது கேட்டுவிடுவார்கள். நாற்பத்தொரு பேர் அதை வாசித்தார்கள். அவர்களில் அது யாருடைய பக்கம் என்று தெரிந்தவர் தபால்காரர் மட்டும். புதிய இதழ் வந்த மறுநாளே அவனுடைய தீர்ப்பும் வந்துவிடும். பெரும்பாலும் கோபமான தீர்ப்பு. ஒரு மாதிரிக்கு இது:

‘நம் செம்பருந்தைக் கெடுத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் அவர் திருடனைப் பிடிப்பதில்லை. மற்ற சூப்பர் ஹீரோக்களோடு சண்டை பிடிக்கிறார். ஒரு கட்டிடமாவது விழாமல் ஓர் இதழ் முடிவதில்லை. அதற்குள் இருந்த சனத்துக்கு என்ன நடந்தது என்று கேட்க ஒருவருமில்லை. தபால் கந்தோர் வேலையை விடவைத்து, கண்ணாடிக் கோபுரமொன்றில் அவரைக் குடியேற்றியிருக்கிறார்கள். பஸ்ஸுக்குக் காத்து நிற்காதவனுக்கு ஊரின் கஷ்டம் எப்படித் தெரியும்? 212ஆம் இதழில் செத்தார். அழுதேன். 218இல் எழும்பி வந்துவிட்டார். சாவுக்கும் மரியாதை இல்லாமல் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, போன வருடம் பழைய கணக்கை விட்டுவிட்டு மறுபடி இலக்கம் 1 என்று தொடங்கியிருக்கிறார்கள். அதற்கு முன் நடந்ததெல்லாம் நடக்கவேயில்லையாம். ஒரு மனிதன் முப்பது வருடம் பட்ட பாட்டை ஓர் அட்டைப்படத்தால் அழித்துவிடலாமா? அவருக்கு இரண்டு பெயர், இரண்டு வீடு. இரண்டும் அவர்தான். ஒன்றை வெட்டினால் மற்றதும் செத்துவிடும்.’

கடைசி மூன்று வசனங்களுக்கும் கீழே யாரோ சிவப்புப் பேனையால் கோடிட்டு, அந்தப் பதிவின் பிரதியைக் கடிதத்தோடு பின் அடித்திருந்தார்கள். கோடிட்ட பகுதி தொடர்பாக விளக்கமளிக்க வரும்படி கேட்டிருந்தது, இரட்டை வதிவிடத் தீர்வுச் செயலகம்.

போர் முடிந்து எட்டு வருடமாகியும் தீராத ஒரு சிக்கலைத் தீர்ப்பதற்கென்று அந்தச் செயலகம் திறக்கப்பட்டிருந்தது. வடக்கிலிருந்து வந்தவர்கள் குடியிருப்பது இங்கே, பெயர் பதிந்திருப்பது அங்கே. வாப்பாவை அடக்கிய கபுறு அங்கே, உம்மாவின் கபுறு இங்கே. பிள்ளை படிப்பது இங்கே, காணி அங்கே. மனிதருக்கு இது வாழ்க்கை. கந்தோர்க் கடதாசிக் கோவைக்கு இது பிழை. ‘ஓர் ஆளுக்கு ஒரு கோவை’ என்று செயலகத்தின் சுவரில் மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தார்கள். பழைய உப்புக் களஞ்சியம் அது. கோடையிலும் சுவர்கள் வியர்த்துக்கொண்டிருக்கும். வாசலில் ‘தீர்க்கப்பட்டோர்’ என்று தலைப்பிட்ட பலகை ஒன்று. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதில் புதிய பெயர்கள் ஏறின.

அந்தப் பட்டியலில் ஏறினால் என்ன நடக்கும் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. தையற்கார இஸ்ஸதீன் மட்டும் எல்லோருடைய கண்ணுக்கும் தெரிந்தார். அவரை மன்னார்க்காரர் என்று தீர்த்திருந்தார்கள். மன்னாரில் அவருடைய வீடு காடாகிக் கிடந்ததால் அவர் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து காலையில் தன்னுடைய கடை வாசலில் வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கத் தொடங்கினார். யாராவது வாங்க என்று சொன்னால்தான் நுழைவார். யாரும் அந்தப் பக்கம் போகாத நாட்களில் பகல் முழுக்க வெயிலில் நிற்பார்.

நளீருக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு வதிவிடச் சான்றிதழ். மகள் ஸஹ்றாவை வரும் ஜனவரியில் முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். பாடசாலை வீட்டுக்குப் பின்மதிலுக்கு அப்பால் இருக்கிறது. அவள் இப்போதே மதிலில் காது வைத்து அங்கே சொல்லிக்கொடுக்கும் பாட்டுகளைப் பாடமாக்கி வைத்திருந்தாள். ஜூன் முப்பதுக்கு முன் சான்றிதழோடு விண்ணப்பிக்காவிட்டால் இடம் கிடையாது. அந்தச் சான்றிதழை அந்த வருடத்திலிருந்து செயலகம் மட்டுமே கொடுக்கலாம். ஆகவே விளக்கம் சொல்வதோடு அதையும் கேட்டுவிடலாம் என்று நல்ல சேர்ட்டொன்றைப் போட்டுக்கொண்டு போனான்.

பணிப்பாளர் யாகப்பு, மெதுவாகப் பேசும், நன்றாகச் சவரம் செய்த மனிதர். பக்கத்தில் விசாரணை அதிகாரி றோசமேரி பேனையோடு இருந்தார். நளீர் உட்காரும் முன்னமே விளக்கத்தைச் சொல்லிவிட்டான்.

“சேர், அது படக்கதை. எட்வின் கிறே எண்டு ஒரு ஆள் உலகத்திலயே இல்ல.”

“கடிதத்தை யார் எடுத்தது?”

“நான்தான்.”

“கையெழுத்து?”

“என்டதான் சேர்.”

“இல்லாத ஆளுக்கு வந்த கடிதத்தை இருக்கிற ஆள் எப்படி எடுக்கலாம்?” என்று யாகப்பு கேட்டார். அவருடைய குரலில் கோபமே இல்லை.

றோசமேரி ஒரு தாளைப் பார்த்து வாசித்தார்: எட்வின் கிறே, இலக்கம் பதினான்கு, கப்பற்றுறை வீதி. நளீர் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு ரசிகனின் முன்னால் பிழையான தகவலை வாசித்துவிட்டு, அவன் பேசாமல் இருப்பான் என்று எதிர்பார்க்க முடியாது.

“பதினேழு, மிஸ். பதினாலு எண்டது அச்சுப்பிழை. அடுத்த மாசமே திருத்தம் போட்டாங்க.”

றோசமேரி பேனையை வைத்துவிட்டு அவனை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார். பிறகு கிறேயின் பிறந்த திகதியைக் கேட்டார். நளீர் சொன்னான். எத்தனை வீடு மாறினார் என்று கேட்டார். நான்கு, ஒவ்வொன்றும் எந்த மாதம், எந்த இதழ் என்று மூச்சு விடாமல் ஒப்புவித்தான். இவ்வளவு ஒழுங்கான வதிவிட வரலாற்றை இந்தக் கந்தோரில் தான் கேட்டதேயில்லை என்று றோசமேரி பணிப்பாளரிடம் சொன்னார். நளீருக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், உள்ளூர ஒரு பெருமையாகவும் இருந்தது.

அடுத்ததாக அவனுடைய சொந்த வரலாற்றைக் கேட்டார்கள். அது அவ்வளவு நன்றாக இல்லை. தொண்ணூறில் எந்தத் திகதியில் புத்தளம் வந்தான் என்று தெரியாது; தோணியில் வந்தார்கள், மழை பெய்தது, அவ்வளவுதான் ஞாபகம். முதல் முகாமின் பதிவேட்டைக் கறையான் தின்றுவிட்டது. இரண்டாவது முகாம் ஒரு தென்னந்தோப்பு, அதற்கு முகவரியே இருக்கவில்லை. தில்லையடி வீட்டின் இலக்கம் மூன்று தடவை மாறியது. றோசமேரி ஒவ்வொரு பதிலுக்கும் நேரே ஒரு சிறிய வட்டம் போட்டார். வட்டங்கள் ஒரு பக்கத்தை நிரப்பின.

கிறேயின் ஆவணங்களைக் கொண்டுவரும்படி சொன்னார்கள். அப்போதுதான் இந்தக் கோவையை மூடலாம், மூடினால்தான் சான்றிதழைப் பற்றிப் பேசலாம். நானூறு இதழ்களையும் ஆட்டோவில் ஏற்றி மூன்று நடையாகக் கொண்டுபோனான். இருபது வருடமாக அவன் கைகழுவாமல் தொடாத தாள்கள். ஒவ்வொன்றின் அட்டையிலும், செம்பருந்தின் முகத்திலேயே, வட்ட முத்திரை குத்தினார்கள். மூன்று வாரம் அந்தக் களஞ்சியத்தில் தாள் புரளும் சத்தமும் முத்திரை விழும் சத்தமும்தான். பன்னிரண்டு எழுதுவினைஞர்கள் வரிசையாக இருந்து சித்திரக்கதை வாசித்தார்கள். சிரிக்க வேண்டிய இடத்திலும் ஒருவரும் சிரிக்கவில்லை.

சாட்சிக்கு ஜவ்பரைக் கூப்பிட்டார்கள். நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்தில் வேலை செய்பவன். அந்த முகநூல் பக்கத்தில் நளீர் என்ன எழுதினாலும் மறுத்து எழுதுவதற்கென்றே பிறந்தவன். நளீர் என்ற ஒருவரைத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றான். எட்வின் கிறேயைத் தெரியுமா?

“தெரியாம என்ன, மூணு வருஷமா ஒவ்வொரு நாளும் சண்டைதானே. பிடிவாதக்காரன்.”

சாட்சி நேர்மையானது. ஜவ்பர் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, வாசலில் நின்ற நளீரிடம் உள்ளே இன்னும் எவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, யாரென்று தெரியாமலேயே போய்விட்டான்.

ஜூன் இருபத்தெட்டாம் திகதி தீர்ப்புக்கு அழைத்தார்கள். மேசையில் இரண்டு கோவைகள் இருந்தன. ஒன்று சுவர் உயரத்துக்கு அடுக்கிக் கட்டப்பட்ட நானூறு இதழ். மற்றது ஒரேயொரு தாள், அதில் வட்டங்கள்.

“மிஸ்டர் கிறே,” என்று யாகப்பு தொடங்கினார். “எங்களைப் பற்றி வெளியில என்னென்னவோ கதைக்கிறாங்கள். நாங்கள் இரக்கமில்லாத ஆக்களில்லை. ஒரு மனிசன் இருக்கிறானா இல்லையா எண்டு பார்க்கிறது எங்கட வேலை இல்லை. கடதாசி இருக்குதா எண்டு பார்க்கிறதுதான் வேலை. மனிசரைப் பார்க்க வெளிக்கிட்டால் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கதை சொல்லுவாங்கள், அழுவாங்கள், எங்களுக்கு நித்திரை வராது. இந்தக் கந்தோர் திறந்த நாள்ல இருந்து நான் நல்லா நித்திரை கொள்ளுறன்.”

தொடர்ந்து அவர் விளக்கிய தீர்வு இதுதான். எட்வின் கிறே என்பவர் முப்பத்துமூன்று வருடமாக, மாதம் ஒன்றும் தவறாமல், அச்சிட்ட ஆதாரத்தோடு வாழ்ந்து வருகிறார். அவருடைய ஆவணங்கள் எல்லாம் தில்லையடி வீடொன்றின் அலுமாரியில் இருந்தன. ஆவணம் இருக்கும் இடமே வதிவிடம் என்று சுற்றுநிருபம் சொல்கிறது. கிறேக்கு இரண்டாவது பெயரொன்றில் மறைந்து வாழும் வழக்கம் இருப்பது அவருடைய ஆவணங்களிலேயே நிரூபணமாகியிருக்கிறது. நளீர் என்பது அந்த இரண்டாவது பெயர். செயலகத்தின் கடமை இரண்டை ஒன்றாக்குவது.

நளீர் ரசிகன். தப்புவதற்கு வழி தேடியபோதும் இதழ்களுக்குள்தான் தேடினான்.

“சேர், அவர் செத்துட்டார். இருநூத்திப் பன்னிரண்டாம் இதழ்ல செத்துட்டார். செத்த ஆளைப் பதிய ஏலாது.”

றோசமேரி அவனுடைய பதிவையே எடுத்து நீட்டினார். 218இல் எழும்பி வந்துவிட்டார் என்று அவனே எழுதியிருந்தான்.

“அப்ப புதிசா இலக்கம் ஒண்டெண்டு தொடங்கினாங்களே. அதுக்கு முந்தி நடந்த ஒண்டும் நடக்கல்ல எண்டு அவங்களே சொல்றாங்க. அந்த முப்பது வருஷமும் செல்லாது, சேர்.”

யாகப்புவின் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து நளீரின் தோளில் கை வைத்தார்.

“இந்த மூண்டு கிழமையும் நாங்கள் உங்கட கருத்துகளை வாசிச்சு எவ்வளவோ படிச்சம். அந்த இலக்கம் ஒண்டு விசயத்தில மட்டும் நீங்கள் பிழை. அந்தப் பதிப்பாளர்மார் கெட்டிக்காரர். பழைய கதை எல்லாருக்கும் பாரம். யார் யாரை அனுப்பினது, யார் எதை விட்டிட்டு வந்தது, கபுறு எங்க, காணி எங்க. ஒரு அட்டையை மாத்தி, ஒண்டு எண்டு போட்டால் சரி. உங்களைத்தான் நாங்கள் இலக்கம் ஒண்டாப் பதியிறம். சந்தோஷப்படுங்கோ.”

மேன்முறையீடு செய்யலாமா என்று நளீர் கேட்டான். தாராளமாகச் செய்யலாம், நளீர் என்பவர் நேரில் வந்து செய்ய வேண்டும் என்றார் றோசமேரி. அப்படி ஒருவர் இருப்பதை முதலில் நிரூபிக்க வேண்டும். அதற்குக் குறைந்தது மூன்று வருடம். அதுவரைக்கும் அந்த வீட்டுக்குச் சான்றிதழ் கிடையாது.

வீட்டுக்கு வந்து நிஃப்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். உண்மையாகவா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. பின்மதிலடியில் ஸஹ்றா யாரோ படித்துக்கொண்டிருந்த வாய்ப்பாட்டைத் தானும் கத்திக்கொண்டிருந்தாள்.

“இஞ்ச பாருங்க. உங்கட பேரு எனக்குத் தெரியும், புள்ளைக்கும் தெரியும். ஊருக்கும் தெரியும். அது போதாதா? புள்ளைக்கு மூணு வருஷம் பொறுக்கேலாது.”

மறுநாள் போய் ஒப்பமிட்டான். தன்னுடைய இரண்டாவது பெயரான நளீர் என்பதை இன்றிலிருந்து பாவிப்பதில்லை என்று எட்வின் கிறே உறுதியளிக்கும் படிவம் அது. ஆயிரம் பேருக்கு ஆயிரம் படிவம் நிரப்பியவன் அன்றைக்குத் தன் பெயருக்கான கட்டத்தில் எட்வின் கிறே என்று எழுதினான். றோசமேரி கையெழுத்தைப் பதிவுத் தபால் ரசீதோடு ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்றார். சான்றிதழைக் கொடுத்துவிட்டு ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்தினார். தீர்க்கப்பட்ட பெயரைப் பிள்ளை பொது இடத்தில் பாவித்தாலோ, அந்தப் பெயரால் ஊர் அறிந்த முகத்தைத் தகப்பன் என்று காட்டினாலோ தீர்வு இரத்தாகும், அனுமதியும் இரத்தாகும். முதல் நாள் தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை பலகையில் நளீரின் பெயர் ஏறியது. இதழ்கள் திரும்பி வரவில்லை. கோவை என்றால் அது கந்தோருக்குச் சொந்தம்.

எங்கள் பக்கத்தில் பிள்ளையின் பெயருக்கு முன்னால் வாப்பாவின் பெயர் வரும். நளீர் ஸஹ்றா என்று எழுதிப் பழகியிருந்த பிள்ளைக்குப் புதிதாக எழுதப் பழக்க வேண்டியிருந்தது. நளீர் அதை விளையாட்டாக்கினான். செம்பருந்துக்கு ஓர் இரகசியம் இருந்ததைப் போல நமக்கும் ஓர் இரகசியம் இருக்கிறது, மகள். பள்ளிக்கூடத்தில் யாராவது என்னைக் காட்டி யார் என்று கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். சிரிக்கக் கூடாது. சிரித்தால் தோல்வி. ஆறு மாதம் ஒவ்வொரு பின்னேரமும் விளையாடினார்கள். முதலில் அவள்தான் தோற்றாள். நவம்பர் மாதத்துக்குப் பிறகு ஒரு தடவையும் தோற்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்து நளீருக்குத்தான் சில வேளை பயம் வந்தது.

ஜனவரியில் முதல் நாள். பெற்றோர் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். வகுப்பின் பின்பக்கத்தில் ஒரு கதிரையில் றோசமேரி கோவையோடு இருந்தார். பளீலா டீச்சர் இடாப்பை விரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒரு பெயரில் மட்டும் கொஞ்சம் நின்று, மறுபடி பார்த்து, கூப்பிட்டார்.

“எட்வின் கிறே ஸஹ்றா.”

“ஓம் டீச்சர்.”

டீச்சர் நல்ல மனுசி. புதுப் பிள்ளையோடு இரண்டு வார்த்தை கதைக்க நினைத்தார். வாப்பா வரவில்லையா என்று கேட்டார். ஸஹ்றா எழுந்து நின்று, இல்லை என்றாள். ஜன்னலில் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் அவளையே பார்த்துக்கொண்டிருப்பதை டீச்சர் கண்டார்.

“அப்ப அவரு யாரு மகள்?”

ஸஹ்றா திரும்பி நளீரின் முகத்தை நேராகப் பார்த்தாள். கண் இமைக்கவில்லை.

“தெரியா டீச்சர்.”

றோசமேரி கோவையில் சரியென்று ஓர் அடையாளம் போட்டுவிட்டு எழுந்து போனார். டீச்சர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். நளீர் கம்பிகளை விட்டுவிட்டு, மற்றப் பெற்றோருக்கு இடம் கொடுத்துப் பின்னால் தள்ளி நின்றான்.

பள்ளி விட்டதும் ஸஹ்றா வாசலுக்கு வந்தாள். அவனுடைய கையைப் பிடிக்காமல் கொஞ்சம் தள்ளி நின்றாள். எங்கேயோ பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் கேட்டாள்.

“நான் வெண்டுட்டேன்தானே. இப்ப வாப்பா எண்டு கூப்பிடவா?”

நளீர் தெருவின் இரண்டு பக்கத்தையும் பார்த்தான். ஒருவரும் இல்லை. மத்தியான வெயிலில் கடைகள்கூடச் சாத்தியிருந்தன.

“கொஞ்சம் பொறுங்க மகள்,” என்று சொல்லிவிட்டு, அவளுக்கு இரண்டு அடி முன்னால் நடந்தான்.